முல்லைத்தீவுப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் காடும் வயலும் மாறி மாறி வரும். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று ஆகிய ஊர்களைக் கடந்து அந்த வீதி முல்லைத்தீவுக் கடலை அடைகிறது. தண்ணீரூற்றை அண்டிய நீராவிப்பிட்டியும் ஹிஜ்ராபுரமும் நம் மக்கள் வாழும் ஊர்கள்.

இந்தப் பகுதியில் ஞாயிறு காலை பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, நம் பிள்ளைகளுக்கு அஹதிய்யா. அரபியில் ஞாயிறு ‘யவ்முல் அஹத்’, அதாவது முதலாம் நாள். அஹதிய்யா என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

வகுப்பு முடிந்த பிறகு நாள் பிள்ளைகளுடையது. பாலைப்பழக் காலமென்றால் காட்டோரம் போய், உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்பார்கள். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் ஊரோடு பார்க்கப் போவார்கள். கதிர் முற்றும் காலத்தில் வயலில் கிளி கலைப்பார்கள். கடலோரப் பிள்ளைகள் கரைவலை இழுப்பதைப் பார்த்து நிற்பார்கள்.

திங்கட்கிழமை ஆசிரியர், “வார இறுதியில் நீங்கள் செய்ததை எழுதுங்கள்” என்கிறார். கொப்பிகளைத் திறந்தால் பாலைப்பழமும் இல்லை, குளமும் இல்லை. “நாம் குடும்பத்துடன் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குச் சென்றோம். யானை, சிங்கம் கண்டோம். மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்.” ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் தெஹிவளைக்குப் போயிருப்பார்கள்! பயிற்சிப் புத்தகத்திலுள்ள மாதிரிக் கட்டுரை அது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து உம்மாமார் அதை மனனம் செய்ய வைக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால், நடக்காததை நடந்ததாக எழுதலாம் என்று பிள்ளை பழகுகிறது. தன் ஊரும் தன் நாளும் எழுதத் தகுந்தவையல்ல என்றும் எண்ணிக்கொள்கிறது.

சகோதரிகளே, இதை மாற்றுவது கடினமல்ல. பிள்ளை எழுத உட்காருமுன் பேச விடுங்கள். “என்ன செய்தீங்க?” என்று கேட்டால் “விளையாடினேன்” என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கேள்வியைச் சிறிதாக்குங்கள்.

“குளத்துக்கு யாரோட போனீங்க மகள்?”

“நானாவோட.”

“தண்ணி எது மட்டும் வந்திருந்தது?”

“மருத மர வேர் மட்டும்.”

“அப்ப என்ன சத்தம் கேட்டது?”

இப்படி நாலு கேள்வி கேட்டால் நாலு வசனம் கிடைத்துவிடும். “இப்ப சொன்னதையே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாவும் இதைச் செய்யலாம்.

காலை எழுந்து பல் துலக்கியதிலிருந்து இரவு படுத்தது வரை எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை. ஒரு நிகழ்ச்சி போதும். எழுதிக்கொண்டிருக்கும்போது ‘ழ’கரம், ‘ள’கரம் திருத்த வேண்டாம், முடித்த பின் பார்த்துக்கொள்ளலாம். ‘வான் பாய்ந்தது’ போன்ற ஊர்ச் சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். வார இறுதி முழுதும் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த மகளும் அதையே எழுதட்டும். புத்தளத்திலும் இங்குமாகக் குடும்பம் பிரிந்திருந்தால், உம்மம்மாவைப் பார்க்கப் போன பஸ் பயணத்தை எழுதட்டும்.

இது புள்ளிக்காக மட்டும் சொல்வதல்ல. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது பெரியவர்களின் பேச்சில் மட்டுமே இருந்தது. 2009இல் போர் முடிந்த பின் திரும்பியவர்கள், தங்கள் வளவுகள் காடாகிக் கிடக்கக் கண்டார்கள். அந்தப் போரின் கடைசி மாதங்களில் இம்மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளும் இடம் விட்டு இடம் ஓடி, கொப்பி புத்தகம் இழந்தவர்கள்தாம்.

1990க்கு முன் இந்த ஊர்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது? எந்த மரத்தடியில் விளையாடினார்கள், எந்தக் கிணற்றில் குளித்தார்கள்? மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அவர்களும் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அன்று ஒரு பிள்ளை எழுதிய கொப்பி இன்று கிடைத்தால் அதற்கு விலையுண்டா?

ஆகவே ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஞாயிறு மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் போதும். பக்கத்தின் மேலே திகதியும் ஊர்ப் பெயரும் எழுதச் சொல்லுங்கள். கொப்பி நிறைந்ததும் பழைய கடதாசியோடு போட்டுவிடாமல், காணி உறுதி வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.