சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும் 800... கோவளம் கடற்கரையில் கிடைத்த விடை!

பெருங்களத்தூரில் முதல் தடவை ஆஃப் ஆனது. வண்டலூர் திருப்பத்தில் இரண்டாவது தடவை. பின்னால் நின்ற பஸ் அடித்த ஹாரனில், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"அடுத்த மாசம் ஆர்.சி புதுப்பிக்கணும். இந்த லட்சணத்துல ஆர்.டி.ஓ ஆபீஸ் வாசல் வரைக்கும் கூட போகாது. பேசாம காயலான் கடைக்குத் தள்ளிடலாம்" என்றார். பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அவர் மகன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். அவன்தான் குற்றவாளி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வண்டி, 1998 மாடல் மாருதி 800. சித்தப்பா முதல் முதலாகச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். போன வருடம் தம்பி கையில் சாவி போனது. ஒரிஜினல் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டினான். சைலன்ஸரும் மாறியது. சத்தம் பிரமாதம். ஆனால், வண்டி நின்ற இடத்தில் உடம்பெல்லாம் நடுங்கும். சிக்னலில் உயிரை விடும்.

முன் சீட்டில் இருந்தவர் எங்கள் பகுதி மெக்கானிக். கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். "பேரெல்லாம் போடாதே தம்பி" என்று என்னிடம் முன்பே சொல்லிவிட்டார். கோவளம் தர்காவுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்ல, "அப்படியே வண்டியையும் பார்த்துச் சொல்லுங்க பாய்" என்று சித்தப்பா கிளப்பிவிட்டார். தாம்பரத்திலிருந்து கோவளம் சுமார் 30 கிலோமீட்டர். இந்தப் பயணம்தான் 800-க்குக் கடைசிப் பரீட்சை.

ஓடும்போது சமர்த்து... நின்றால் சண்டி!

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் ஏறியதும் ஆச்சர்யம். கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று 60 கிலோமீட்டர் வேகத்தில் சிணுங்காமல் ஓடியது. "இப்ப நல்லாத்தானே போகுது?" என்றேன்.

"அதான் தம்பி விஷயமே" என்றார் பாய். "ஓட்டத்துல நல்லா இருக்கு, நின்னா சாகுதுன்னா, இன்ஜின் கெட்டுப்போகல. எங்கேயோ திருட்டுத்தனமா காத்து உள்ளே போகுது."

அவர் விளக்கியது இதுதான். பெட்ரோல் இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்ஸிலரேட்டரில் காலை வைக்காதபோது, காற்று போகும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் உறிஞ்ச, அந்தக் கதவுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். அந்த நேரத்தில் எங்காவது ஒரு சின்ன ஓட்டை இருந்தால், கணக்கில் வராத காற்று அதன் வழியாகப் பாயும். கலவை நீர்த்துப்போய் இன்ஜின் உதறும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கதவு திறந்துவிட்டால், உள்ளே போகும் மொத்தக் காற்றில் அந்த ஓட்டையின் பங்கு மிகச் சொற்பம். அதனால் நோய் மறைந்துவிடும்.

கேளம்பாக்கம் சந்திப்பில் மறுபடி நடுக்கம். தம்பி முன்னால் எக்கி, சோக்கைப் பாதி இழுத்தான். உடனே இன்ஜின் நிதானமானது. "இப்படித்தான் பாய் சமாளிக்கிறேன்" என்றான்.

"சோக் இழுத்தா பெட்ரோல் கூடுதலாப் போகும். பெட்ரோல் கூடினா வண்டி நிக்குதுன்னா, அதுக்குப் பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். நீயே நோயைக் கண்டுபிடிச்சுட்டு, மருந்துக்குப் பதிலா கஞ்சி ஊத்திட்டு இருந்திருக்கே" என்று பாய் சிரித்தார்.

உப்பளம் தாண்டி, கடல் காற்றில்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலை எனக்குப் பிடித்தது. இரண்டு பக்கமும் உப்பளமும் உப்பங்கழியும். சேற்றில் கொக்குகள். ஜன்னலைத் திறந்தால் உதட்டில் உப்பு கரிக்கும். "இந்தக் காத்துதான் வண்டிக்கு எமன்" என்றார் பாய். பேட்டரி முனையில் பச்சை பூப்பது, எர்த் ஒயர் துருப்பிடிப்பது எல்லாம் கடலோர வண்டிகளின் வழக்கமான வியாதிகள்.

கோவளம் சின்ன ஊர். ஆனால், கதை பெரியது. கர்நாடக நவாப் காலத்துக் கோட்டை இங்கே இருந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். இன்று அந்த இடத்தில் நட்சத்திர ஹோட்டல். தர்கா, கார்மேல் மாதா ஆலயம், மீனவர் குப்பம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். 2021-ல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. காலையில் ஒருபக்கம் சர்ஃபிங் பலகைகள், இன்னொரு பக்கம் வலை உதறும் மீனவர்கள்.

பாய் தர்காவுக்குப் போய்வந்தார். குப்பத்தை ஒட்டி ஒரு பூவரச மர நிழலில் பானட்டைத் திறந்தோம்.

முதல்ல கரன்ட், அப்புறம் காத்து, கடைசியா பெட்ரோல்!

"எல்லாரும் நேரா கார்புரேட்டர் ஸ்குரூவைத்தான் திருகுவாங்க. அது கடைசி வேலை" என்ற பாய், இந்த வரிசையைத்தான் 40 வருடமாகக் கடைப்பிடிப்பதாகச் சொன்னார்.

கரன்ட்: இன்ஜின் ஓடும்போதே, காப்பிடப்பட்ட கொறடால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார் (அனுபவம் இல்லாதவர்கள் செய்யக் கூடாது, ஷாக் பலமாக அடிக்கும்). முதல் ஒயர், இன்ஜின் தள்ளாடியது. இரண்டாவது, அதேபோல. மூன்றாவதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை. அதாவது, மூன்றாவது சிலிண்டர் வேலையே செய்யவில்லை. இன்ஜினை ஆற விட்டுப் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டில் கரி அப்பியிருந்தது. மூன்றாவது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"பிளக் பிஸ்கட் நிறத்துல இருந்தா கலவை சரி. கறுப்பு, பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளை, காத்து ஜாஸ்தி. கார்புரேட்டர் மட்டும் கெட்டிருந்தா மூணும் ஒரே நிறமாத்தானே இருக்கணும்?"

ஒன்றாவது பிளக்கை மூன்றுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தார். கோளாறு மூன்றிலேயே இருந்தது. ஆக, பிளக் நிரபராதி.

காற்று: அப்போது, வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டாரைத் தானே பிரித்து மாட்டுபவராம். தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார். "உஸ்ஸுனு ஒரு சத்தம் வருது பாருங்க. காத்து குடிக்குது" என்றார். நடுக்கடலில் மோட்டார் நின்றால் தள்ளிவிட ஆள் கிடையாது. அதனால் அவர்களுக்கு இதெல்லாம் காதிலேயே தெரியும்.

பாய் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ரப்பர் குழாய்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார். (பெட்ரோலோ, கார்புரேட்டர் கிளீனரோ தெளித்தால் சூடான சைலன்ஸர் பட்டுத் தீப்பிடிக்கலாம், அதனால் தண்ணீர்.) மேனிஃபோல்டின் மூன்றாவது சிலிண்டர் பக்கம் ஓர் இடத்தில் தண்ணீர் பட்டதும் உஸ் சத்தம் அடங்கி, இன்ஜின் சுருதி மாறியது. பழைய ஃபில்டர் டப்பாவைக் கழற்றியபோது அநாதையான குழாய் அது. அதன் வாயில் தம்பி மாட்டிய ரப்பர் மூடி, சூட்டில் வெடித்திருந்தது. பாய் தேடியவர் அதுதான்!

படகுப் பெரியவர் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸும் கிளிப்பும் கொடுத்தார். ஒரு முனையில் போல்ட்டைச் செருகி, மறுமுனையைக் குழாயில் மாட்டி இறுக்கினார் பாய். பெரியவர் காசு வாங்கவில்லை. அவர் வீட்டு அம்மாவிடம் சித்தப்பா இரண்டு கிலோ சங்கரா வாங்கினார்.

பெட்ரோல்: ஓட்டை அடைந்ததும் வேறு பிரச்னை. குப்பென்று பெட்ரோல் வாடை. நடுக்கத்தைச் சமாளிக்கத் தம்பி மிக்ஸர் ஸ்குரூவைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தான். பாய் அதைக் கால் சுற்று, கால் சுற்றாக மூடினார். இன்ஜின் தடுமாறியதும், திரும்பக் கொஞ்சம் திறந்து, சீராக ஓடிய இடத்தில் நிறுத்தினார். பிறகுதான் ஐடிலிங் ஸ்குரூ.

ரேஸ் கனவும் ஆர்.டி.ஓ-வும்

"நரேன் கார்த்திகேயன் ஆரம்பிச்சதே மாருதி இன்ஜின் போட்ட ரேஸ் காருலதான் பாய்" என்றான் தம்பி, தயங்கித் தயங்கி. உண்மைதான். கோவை கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் இதே 800-ன் இன்ஜின்தான். 1990-ல் வந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அவை சீறியிருக்கின்றன.

"சீறினது சரி. காத்தை மாத்தினா, ஜெட்டையும் மாத்தி, பிளக்கைப் பார்த்து, மறுபடி மாத்துவாங்க. நீ காத்தை மட்டும் மாத்திட்டே. அதுவும், ரோட்டுல இல்ல, டிராக்குல செய்யற வேலை" என்றார் பாய்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இன்னொன்று, இப்போது வரும் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாத கார்புரேட்டர் வண்டிகளில் கலவை இன்னும் கொஞ்சம் நீர்க்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது பதம் பார்க்கும்.

உங்கள் கார் புதுசா?

புதிய கார்களில் ஆக்ஸிஜன் சென்ஸார் பார்த்து, கம்ப்யூட்டரே கலவையைத் திருத்தும். அந்தத் திருத்தத்தின் பெயர் ஃப்யூயல் டிரிம். ஓ.பி.டி ஸ்கேனரை மாட்டினால் மொபைலிலேயே தெரியும். நிற்கும்போது டிரிம் ரொம்பக் கூடி, 2,500 ஆர்.பி.எம்-ல் இயல்புக்கு வந்தால், இதே காற்று ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி0171 என்ற கோடு வந்தால் கலவை நீர்த்திருக்கிறது என்று பொருள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பெட்ரோல் கூடுதலாக எரியும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். நிற்கும் வண்டிக்குள் ஏ.சி போட்டுத் தூங்காதீர்கள்.

திரும்பும்போது கேளம்பாக்கம் சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நான்கு பேரும் பேச்சை நிறுத்தினோம். தம்பியின் கை, பழக்க தோஷத்தில் சோக்கை நோக்கிப் போய், பாதியிலேயே நின்றது. பச்சை விழும்வரை 800 நின்ற இடத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பழைய ஃபில்டர் டப்பா எங்கடா?" என்றார் சித்தப்பா.

"பரண்ல இருக்குப்பா. அம்மா எடுத்து வெச்சிருக்காங்க. இன்னிக்கே மாட்டிடறேன். பழைய சைலன்ஸரையும் தேடுறேன்."

ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காயலான் கடை பற்றி அன்று வீடு வரும்வரை சித்தப்பா பேசவில்லை.