மாயாவிகளும் பேய்களும்

படக்கதைப் புத்தகம் என்ற பேச்சை எடுத்தாலே முகஞ் சுளிக்கும் பெரியோர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். "பையன் பாடத்தை விட்டுவிட்டுப் பேய்க் கதை படிக்கிறான்" என்று நம்மிடம் வந்து முறையிடும் பெற்றோருக்கும் குறைவில்லை. உபாத்தியாயர் என்ற முறையில் அவர்களோடு சேர்ந்து தலையசைப்பதே மரியாதை. ஆனால் மாயாவிகளிடமும் பேய்களிடமும் ஏறக்குறைய 35 ஆண்டுகளாக நாம் கொண்டிருக்கும் நேசம் அதற்கு இடங் கொடுப்பதில்லை. ஆகவே வழக்கின் மறு பக்கத்தை இங்கே எடுத்துரைக்கத் துணிந்தோம்.

திருப்பூர்வாசிகளுக்கு இந்த வீரர்கள் அந்நியர் அல்லர். காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் சிறுவர் பனியன்களைப் பாருங்கள். ஒன்றில் வௌவால், ஒன்றில் சிலந்தி, ஒன்றில் பச்சை அரக்கன். உடம்போடு ஒட்டிய பின்னலாடையே இவர்களுடைய சீருடையாதலால், பனியன் ஊரை இவர்களுக்குச் சம்பந்தி ஊர் என்றாலும் பொருந்தும். விநோதம் என்னவென்றால், அந்தப் பனியனை அணிந்து திரியும் பையனிடம் வீரனைப் பற்றிக் கேட்டால், "அவனுக்குப் பவர் இருக்குதுங்க, சார்" என்பதோடு பதில் முடிந்து விடுகிறது. அந்தப் பவர் எங்கிருந்து வந்தது, அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்று கேட்டால் விழிக்கிறான். விலை கொடுக்காத வல்லமை விளம்பரமாகுமேயன்றிக் கதையாகாது என்பது நமது கட்சி.

இதைத் தமிழ்ச் சிறுவர்கள் நெடுநாளைக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' தன் முதல் இதழை வெளியிட்டபோது அதில் தோன்றியவன் இரும்புக்கை மாயாவி. 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் பிறந்து, ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் தூரிகையால் உயிர் பெற்றவன் அவன். ஆய்வுகூடத்தில் விபத்தொன்றில் வலக் கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொண்ட உதவியாளன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் மறையாது. எந்த அங்கத்தை இழந்தானோ அதுவே அவனைக் காட்டிக் கொடுக்கும்! அன்றியும், ஆரம்பக் கதையில் அவன் நல்லவனும் அல்லன். கிடைத்த சக்தியினால் மதிமயங்கித் திரிந்து, பின்னரே நல்வழிக்கு வந்தவன். எஃகு உடம்பும் பறக்கும் ஆற்றலும் உடைய அமெரிக்க சூப்பர்மேனை விட, ஒரு கை இழந்த இந்த மனிதனுக்கே தமிழ்நாட்டில் பாசம் மிகுந்தது. இயந்திரங்களுக்கு நடுவே கையை நம்பிப் பிழைக்கும் நம்மூர் மக்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

1984-ல் அதே சிவகாசியில் தோன்றிய 'லயன் காமிக்ஸ்' தந்த ஸ்பைடரும் இவ்வினத்தைச் சேர்ந்தவனே. குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டுமென்று புறப்பட்டவன், பிறகு அக்குற்றவாளிகளையே வேட்டையாடினான். அவன் கதைகள் பலவற்றை எழுதியவர் 1938-ல் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி ஸீகல் என்பதை அறிந்தபோது நாம் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

நிற்க. மாயாவிகளையாவது பொறுத்துக்கொள்ளலாம், பேய்கள் எதற்கு என்பார்கள். இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. 1954-ல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனோதத்துவ வைத்தியர், படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட்டின் குழுவொன்று அவ்வாண்டே இதை விசாரித்தது. நடுங்கிப்போன பிரசுரகர்த்தர்கள் தமக்குத் தாமே விதிமுறை வகுத்துக்கொண்டு, இரத்தக் காட்டேரிகளையும் நடமாடும் பிணங்களையும் ஏட்டிலிருந்து விரட்டினார்கள். 1971-ல் அவ்விதி தளர்ந்தது; 2011-ல் கடைசிப் பிரசுரகர்த்தர்களும் அதைக் கைவிட்டனர். இடைப்பட்ட காலத்தில் பேய்கள் ஒழிந்தனவேயன்றிக் குற்றங்கள் ஒழியவில்லை. அன்று அழிந்த 'ஈ.சி.' நிறுவனத்தின் பெயரில் 2024 முதல் புதிய பயங்கரக் கதைகள் வெளிவருவதிலிருந்து, பேயைச் சட்டத்தால் கொல்ல முடியாதென்பது விளங்குகிறது.

இக்காலத்துப் புத்தகங்களில் இரண்டைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிராகாட்டாவும் தொடங்கிய 'அப்ஸொல்யூட் பேட்மேன்'. பழைய பேட்மேன் கோடீசுவரன். அவன் வீரத்தில் பாதி அவனுடைய பணப்பெட்டியில் இருந்தது. இவனோ ஒரு பள்ளி உபாத்தியாயரின் மகன்! தந்தை மாணவர்களைக் காக்கப் போய் உயிர் விட்டவர். தாய் உயிரோடு இருக்கிறாள். இவன் உழைத்துப் பிழைக்கும் பொறியாளன். செல்வத்தைப் பறித்ததும் பாத்திரம் உயர்ந்து நிற்பதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் மார்பிலுள்ள வௌவால் சின்னத்தையே கழற்றிக் கோடரியாக வீசும் அவன் போர்களில் இரத்தம் அதிகம். சிறுவர் கையில் கொடுக்கத்தக்கதன்று.

இரண்டாவது, 2019-ல் ஜேம்ஸ் டைனியன் எழுத, வெர்தர் டெல் எடெரா வரையத் தொடங்கிய 'சம்திங் இஸ் கில்லிங் த சில்ட்ரன்'. ஒரு சிற்றூரில் குழந்தைகள் மாண்டுபோகிறார்கள். கொல்லும் பூதங்கள் குழந்தைகளின் கண்ணுக்கே தெரியும், பெரியவர்களுக்குத் தெரியா. உயிர் தப்பிய சிறுவன் கண்டதைச் சொன்னால் நம்புவார் எவருமில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பெண் மாத்திரம் நம்புகிறாள். இதுவும் வளர்ந்தோர் படிக்கவேண்டியதே. முக்கியமாக உபாத்தியாயர்களும் பெற்றோர்களும். கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவரும் தாய் தந்தையருக்கு, "பயமாயிருக்கிறது" என்று குழந்தை சொல்வதை உட்கார்ந்து கேட்கப் பொழுதில்லை. நமக்கோ பாடத் திட்டத்தை முடிக்கும் அவசரம். அக்குழந்தை என்ன கண்டு பயந்தது என்பதை யார்தான் கேட்பது? நல்ல பயங்கரக் கதை, பயத்துக்கு ஓர் உருவமும் பெயரும் கொடுக்கிறது. பெயர் தெரிந்த பயத்தைப் பற்றிப் பேசலாம்; பேசப்பட்ட பயம் பாதியாகும்.

நமது கவலையெல்லாம் வேறு. சாணிக் காகிதத்தில் வந்து, கைக்குக் கை மாறிக் கிழிந்துபோன பழைய தமிழ்ப் படக்கதைகள் சிறுவர் கைக்கு எட்டின. இன்று அவை வழவழப்பான காகிதத்தில் வர்ணத்தில் வருகின்றன; விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. வாங்குவோர் பெரும்பாலும் நம்மைப் போல் தலை நரைக்கத் தொடங்கியவர்கள். சிறுவர்களோ வீரர்களைப் பனியனிலும் திரையிலும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தோரின் மக்களும் நம் பள்ளிகளில் தமிழ் பயில்கின்றனர். பாடப் புத்தகத்தின் நீண்ட பத்தியைக் கண்டு மிரளும் அப்பிள்ளைகள், படத்துக்கு மேலுள்ள இரண்டு வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவதை வகுப்பில் நாமே பலமுறை கண்டிருக்கிறோம்.

இன்னுமொரு குறை. மாயாவி இங்கிலாந்துக்காரன்; பேட்மேன் அமெரிக்கன். நம் மண்ணின் வீரர்கள் எங்கே? 1932 ஜனவரியில் தடியடி பட்டு வீழ்ந்தும் கையிலிருந்த கொடியை விடாத குமரன் வாழ்ந்த ஊர் இது. அவருக்கு முகமூடியில்லை, மாய சக்தியில்லை. உயிரையே விலையாகக் கொடுத்தார். அவர் பெயர் கொண்ட சாலையில் தினமும் நடக்கும் பிள்ளைகளுக்கு அக்கதையை நல்ல ஓவியத்தில், சொற்ப விலையில் தருவார் முன்வர வேண்டும்.

அதுவரை பெற்றோரை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை பையனுக்கு வௌவால் பனியன் வாங்கும்போது, கூடவே ஒரு தமிழ்ப் படக்கதையும் வாங்குங்கள். முதலில் தாங்கள் படித்துப் பாருங்கள். தக்கதாயிருந்தால் அவனிடம் கொடுங்கள். படித்து முடித்ததும், அந்த வீரன் என்ன விலை கொடுத்தான் என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் எந்தப் பரீட்சையும் காட்டாத விஷயங்கள் வெளிப்படும்.