பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு துணை

மறதி நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களிடம் ஊர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "உங்க பொறுமைக்குக் கோயில்தான் கட்டணும்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக்கேட்டு, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமப்பதுதான் அன்பு என்று நாமும் நம்பிவிடக் கூடாது. பார்த்துக்கொள்கிறவர் படுத்துவிட்டால், அந்த வீட்டில் அன்றைக்கு இரண்டு நோயாளிகள். அதனால், நமக்கு அடுத்தபடியாக மறதி நோயாளி ஏற்றுக்கொள்ளும் இன்னொரு முகத்தை, நாம் திடமாக இருக்கும்போதே பழக்கி வைக்க வேண்டும். எழுபதைத் தாண்டிய எனக்கு இதை ஒரு விடியற்காலை புரிய வைத்தது.

நாங்கள் இருப்பது திருச்சி காட்டூரில். என் கணவர் திருவெறும்பூர் பெல் ஆலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறதி முதலில் பணத்தைத் தொட்டது, பிறகு வழியை, பிறகு பெயர்களை. இப்போது என்னை அக்கா என்று கூப்பிடுகிறார். அவரை வளர்த்த அந்த அக்கா காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஆனால் முதல் ஷிப்டு பஸ் மட்டும் அவர் நினைவை விட்டுப் போகவில்லை. பொழுது விடிந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கதவிடம் போய் நிற்பார். அவர் எழுவதற்கு முன் நான் எழுந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அன்றைக்கு எழுவதற்காக வலப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான். ஓடாத மின்விசிறி சுழன்றது, சுவர் சுழன்றது, கட்டிலே கவிழ்கிற மாதிரி இருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து நிற்கப் பார்க்காமல், கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தேன். தலையை அசைக்காமல் எதிரே இருந்த பீரோவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கியது. தலையைத் திருப்பினால் மறுபடி தொடங்கியது.

அதற்குள் அவர் எழுந்துவிட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, "அக்கா, பஸ்ஸு வந்துடுச்சா?" என்றார்.

என்னால் எழ முடியாது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. நம் குரலில் பதற்றம் இருந்தால் அதை அவர் உடனே வாங்கிக்கொள்வார். காரணம் புரியாது, பயம் மட்டும் புரியும். அதனால், "இன்னும் வரலீங்க. வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க" என்றேன். வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பேசி எப்போதும் என் இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கும். மாடி வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவரிடம் எங்கள் வீட்டு மாற்றுச் சாவி உண்டு. திறந்துகொண்டு வந்தவர், "சார், பேப்பர் வந்துடுச்சு, பாப்போமா?" என்றார். என் கணவர் எழுந்து அவர் பின்னால் கூடத்துக்குப் போய்விட்டார்.

அந்தத் தம்பி தினமும் மாலையில் சிறிது நேரம் வந்து அவரோடு பேப்பர் பார்ப்பவர். என் கணவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, படங்களைப் பார்ப்பார். அந்தப் பழக்கம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது. மறுநாள் பெங்களூரிலிருந்து வந்த மகள், உதவிக்கு ஒரு அம்மாளைச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்தாள். நல்ல அனுபவசாலி, பொறுமைசாலி. ஆனால் என் கணவர் அவரைப் பக்கத்தில் விடவில்லை. "யாரு நீ? எதுக்கு எங்க வீட்டுக்குள்ள வந்த?" என்று கூச்சலிட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். அந்த அம்மாளிடம் குறை ஏதுமில்லை. மறதி நோயாளிக்குப் புது முகம் அந்நியர்தான். சாயங்காலம் ஆக ஆக அவர்களுக்குக் குழப்பம் கூடும். அந்த நேரத்தில் தெரியாத ஒருவர் வேட்டியைத் தொட்டால் எப்படிச் சம்மதிப்பார்? திறமையைவிடப் பழக்கம்தான் இங்கே பெரிது. பழக்கம் ஒரே நாளில் வராது.

எனக்கு வந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். தலைசுற்றல் என்றாலே பித்தம், ரத்தக்கொதிப்பு, சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னை உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்தார். சுற்றல் வந்தபோது என் கருவிழிகள் துடித்ததைப் பார்த்தே நோயைச் சொல்லிவிட்டார். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. கொத்தனாரின் ரசமட்டத்தைப் போல, உள்ளே இருக்கும் நீர் அசைவதை வைத்துத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்பவை அவை. பக்கத்து அறையில் ஒட்டியிருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் வயது ஏற ஏறப் பிய்ந்து அந்தக் குழாய்க்குள் விழுந்துவிடுவதுண்டு. அப்போது தலை நின்றாலும் நீர் அசைந்துகொண்டே இருக்கும், உலகம் சுற்றும்.

இதற்கு மருந்தைவிட வைத்தியர் கைதான் முக்கியம். தலையையும் உடம்பையும் ஒரு வரிசைப்படி திருப்பிப் படுக்க வைத்து, அந்தப் படிகங்களைப் பழைய இடத்துக்கே உருட்டி அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர மருத்துவர் ஜான் எப்ளி வகுத்து 1992-இல் விரிவாக எழுதிய முறை இது. இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள். எனக்கும் அதிலேயே குணம் தெரிந்தது. சுற்றலை அடக்கும் மாத்திரையைச் சில நாளைக்கு மட்டும் கொடுத்தார். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் மந்தமும் தள்ளாட்டமும் வந்து, கீழே விழும் அபாயம் கூடும் என்று எச்சரித்தார். இந்த நோய் திரும்பியும் வரலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் யாரோ சொன்னார்கள் என்று இந்தத் திருப்பும் முறையை வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

எல்லாத் தலைசுற்றலும் இப்படி எளிதாகத் தீர்வதில்லை. சுற்றலோடு வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போனால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், இதுவரை காணாத தலைவலி வந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் தாமதிக்கக் கூடாது. "அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை இருந்தால்தான் நாம் சரியான நேரத்தில் கிளம்ப முடியும்.

யோசித்துப் பாருங்கள், பராமரிப்பு வேலை முழுக்கக் குனிவதும் நிமிர்வதும்தான். அவர் செருப்பை மாட்டிவிடக் குனிகிறோம், சிந்திய சோற்றைத் துடைக்கக் குனிகிறோம், பரண் மேலிருந்து போர்வை எடுக்க அண்ணாந்து பார்க்கிறோம். தலைசுற்றலை மறுபடி கிளப்பிவிடுகிற அசைவுகளும் இவையே. அதனால் வீட்டையே கொஞ்சம் மாற்றினோம். அன்றாடம் எடுக்கும் சாமான்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்தன. குளிப்பாட்டும்போது அவருக்கு ஒரு ஸ்டூல், எனக்கு ஒரு ஸ்டூல். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பி. வாசல் தாழ்ப்பாள் அவர் கண்ணில் படாத உயரத்தில். ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் கண் விழித்ததும் எழுந்து ஓடுவதில்லை. மெதுவாகப் புரண்டு, உட்கார்ந்து, சற்றுப் பொறுத்துத்தான் எழுகிறேன்.

அதைவிட முக்கியமாக, ஒரு நாற்பது பக்க நோட்டில் அவரைப் பற்றி எழுதி வைத்தேன். மாத்திரை நேரம், மருத்துவர் எண், மகள் எண் எல்லாம் முதல் பக்கம். அடுத்த பக்கத்திலிருந்து வேறு விஷயங்கள். காபி எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால்தான் குடிப்பார். "குளிக்கணும்" என்றால் மறுப்பார், "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றால் வருவார். அக்கா என்று கூப்பிட்டால் திருத்த வேண்டாம். கோபம் வந்தால் எதிர்வாதம் பேசாமல் சற்று விலகி நிற்கவும். எந்த மருத்துவச் சீட்டிலும் இல்லாத இந்த விவரங்கள் என் தலைக்குள் மட்டும் இருந்தால், நான் படுக்கும்போது அவையும் படுத்துவிடும். மகள் ஏற்பாடு செய்த அந்த அம்மாளையும் நாங்கள் அனுப்பிவிடவில்லை. முதலில் என் தோழி போல வந்து உட்கார்ந்து காய் நறுக்கினார். பிறகு காபி கொடுத்தார். பிறகு என் கணவர் கையைப் பிடித்து முற்றத்தில் நடந்தார். இப்போது குளிப்பாட்டவும் என் கணவர் விடுகிறார்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு, அதாவது 100-க்கு ஏழு பேருக்கு மேல், மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோரை வீட்டில்தான் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார், பெரும்பாலும் ஒரு பெண். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பணம் அனுப்புவதோடு, அப்பா உங்களை ஏற்றுக்கொள்ளும்படி அடிக்கடி வந்து அவரோடு தங்குங்கள். அந்தச் சில நாளில் அம்மாவை டாக்டரிடம் அனுப்புங்கள். அண்டை வீட்டாரே, பலகாரம் கொடுத்தனுப்புவதற்குப் பதில் கால் மணி நேரம் வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

என்னைப் போல வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, உதவி கேட்பதால் நம் அன்பு குறைந்துவிடாது. நாம் இல்லாத ஒரு நாளிலும் அவர் பசியில்லாமல், பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதும் அன்புதான். நம்பகமான ஒருவரை இந்த வாரமே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வேலை எதுவும் சொல்ல வேண்டாம். முதல் நாள் அவரோடு உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போகட்டும், அது போதும்.