ரிட்டன் டிக்கெட்

பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறவர்கள் போக டிக்கெட் எடுத்த கையோடு திரும்பி வரவும் போட்டுவிடுவார்கள். இருபது வருஷமாக நானும் அப்படித்தான். 2025 ஜூனில் முதல்முறையாகப் போக மட்டும் எடுத்தேன். முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக ரயில்வே குறைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அறுபது நாளுக்குள் ஒரு தேதியைத் தொடு என்று கைபேசி காத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. இரண்டு மாதம், கூடவும் இருக்கலாம், குறையவும் செய்யலாம் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். எந்தத் தேதியைத் தொட்டாலும் அது அப்பாவுக்கு நாள் குறிக்கிற மாதிரி இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அம்மா விஷயத்தில் நான் பிந்திப் போனவன். 2021 மே மாத ஊரடங்கில், இ-பதிவு போட்டுக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தார்கள். வாசல் இன்னும் ஈரமாக இருந்தது. அதனால் இந்தமுறை முந்திவிட வேண்டும் என்று ஒரு வெறி. சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினேன்.

ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலில் மலை கூடவே வர ஆரம்பிக்கும். கடையநல்லூரில் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. தென்காசியில் பாதி வண்டி காலியானது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டம், தோளில் துண்டோடு. செங்கோட்டையில் இறங்கும்போது சாரல் முகத்தில் அடித்தது. சீசன் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே என்னவோ போலாகிவிட்டது.

அப்பா ரயில்வேயில் கீமேன். செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதையில், தன் எல்லைக்குள் தினமும் தண்டவாளத்தோடு நடந்து, தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புச் சாவிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற வேலை. இளகியிருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்பார். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய மலைப்பாதை அது. 2010-ல் மீட்டர்கேஜை நிறுத்தினார்கள். மறு வருஷம் அவர் ஓய்வு பெற்றார்.

கட்டிலில் அந்த ஆள் பாதியாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது:

“வண்டி எத்தன மணிக்கு வந்துச்சு?”

“இருபது நிமிஷம் லேட்டுப்பா.”

“சங்கரன்கோயில்ல கிராசிங் போட்டிருப்பான்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “ரிட்டன் போட்டாச்சா?”

இன்னும் இல்லை என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். “எப்பம் வந்த?” என்ற மூச்சிலேயே “எப்பம் போற?” ஊர்ப் பக்கம் அது வெறும் விசாரிப்பு, இத்தனை வருஷமும் நானும் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர்கள் கேட்டதும் என் கண் கட்டில் பக்கம் போகும். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒன்பது மாதமாக அவரைப் பார்த்துக்கொண்டது மதினி. வந்த மறுநாளே நான் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: மாத்திரை, கஞ்சி, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. மதினி படித்துவிட்டுப் பேசாமல் போனாள். மத்தியானம் அப்பாவைத் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“தம்பி, விடுங்க. மாமாவ அப்படிப் பிடிச்சா வலிக்கும்.”

நாலாக மடித்த பழைய போர்வை ஒன்று அவர் இடுப்புக்கடியில் எப்போதும் கிடந்தது. அதை இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து, ஆளைத் தொடாமல் போர்வையோடு சேர்த்து ஒருக்களிக்க வைத்தாள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. கணுக்கால் மெத்தையில் உரசாமல் சின்னதாக ஒரு துணிச்சுருணை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிற நர்ஸ் சொல்லிக்கொடுத்ததாம். ஒன்பது மாதத்தில் அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. அன்று சாயங்காலம் அட்டவணையை நானே கிழித்தேன்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை. ஒரு மருத்துவமனையில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றதோடு கதவைச் சாத்திவிட்டார்கள். வலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு அண்ணன் திருவனந்தபுரம் போய்த்தான் இதை எழுதி வாங்கி வந்தான். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், உரிமங்களுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டிருந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி இலகுவாக்கினார்கள். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. “அபின்ல செய்யுததாமே, பழகிப்போயிராதா?” என்று ஒரு அத்தை கேட்டாள். எழுபத்து நாலு வயசில் பழகினால் பழகட்டும் என்றான் அண்ணன்.

நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ராத்திரி பத்து மணிக்கு இரண்டாகக் கொடுத்தால் இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. மலம் இறுகாமலிருக்க அதற்குத் தனி மருந்து. அதை விட்டால் வலியைவிடப் பெரிய பாடு. அப்பா மாத்திரைகளை வண்டி என்பார். “பத்து மணி வண்டி வரலையே இன்னும்?” பிந்தினால் மதினிக்குத்தான் திட்டு.

ஜூலையில் ஒருநாள், “நீ ஒரு எட்டு போயி பாலத்தப் பாத்துட்டு வா” என்றார். அவர் வேலை பார்த்த மலைப்பாதை 2018-ல் அகலப்பாதையாகித் திறந்த பிறகு அவர் அதில் போனதே இல்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை. மத்தியானத்துக்கு மேல் குருவாயூர் வண்டியில் ஏறினேன். மலை ஏறுவதற்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் கோத்தார்கள். பகவதிபுரம் தாண்டி நீளச் சுரங்கம். உள்ளே போனதும் பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போட்டன. வெளியே வந்தால் கேரளம். ஆரியங்காவு, எடப்பாளையம். வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று கண் பாலம் வந்தபோது வாசலோரம் உட்கார்ந்து கைபேசியை வெளியே நீட்டிச் சத்தத்தைப் பதிவு செய்தேன். கீழே சாலையில் போகிறவர்கள் நின்று வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புனலூரில் இறங்கி, பஸ் பிடித்து, வீடு வந்து சேர ராத்திரி ஒன்பதாகிவிட்டது.

அவர் காதோரம் வைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“இது அந்தச் சத்தம் இல்லடே.”

“பாலம் அதேதான்ப்பா.”

“பாலம் அதேதான். இப்பம் கான்கிரீட் ஸ்லீப்பர்லா. கிளிப்பு போட்டு இறுக்கியிருக்கான். சத்தம் எங்கருந்து வரும்?” சிறிது நேரம் கழித்து, “நல்லாத்தான் இறுக்கியிருக்கான்” என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் டிக்கெட் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். வேலை போய்விடும், அறுபது நாளில் எல்லாம் நிரம்பிவிடும் என்று ஒரே புலம்பல். ஆகஸ்ட் ஏழாம் தேதிக்கு அவர் கண்முன்னாலேயே ஸ்லீப்பர் எடுத்தேன். தேதியை அவர்தான் சொன்னார். சைடு லோயர் வேண்டாம், கால் நீட்ட முடியாது என்று அதையும் சொன்னார்.

ஆகஸ்ட் பிறந்தபோது அப்பா இருந்தார். சாப்பாடு நின்றுவிட்டது. ஈரத் துணியால் உதட்டை நனைப்பதோடு சரி. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டோம். நாலாம் தேதி காலையில் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே டிக்கெட்டை ரத்து செய்தேன்.

“என்ன செய்யுத?”

பொய் சொல்ல வரவில்லை. “டிக்கெட்ட கேன்சல் பண்ணுதேன்.”

“எவ்வளவு பிடிக்கான்?”

“நூத்தி இருவது.”

நெற்றி சுருங்கியது. “நூத்தி இருவதா? முன்னாலயே பண்ணியிருக்கலாம்லா.”

முன்னால் செய்திருந்தாலும் அதே நூற்றிருபதுதான் என்று விளக்கினேன். நம்பவில்லை. அடுப்படியில் மதினி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்தது. பிறகு, கால் வலிக்குது, திருப்பிப் போடு என்றார். நான் போர்வையின் ஒரு பக்கத்தைச் சுருட்டினேன். மதினி கையைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றாள்.