'ரீடிங்' இல்லை பாஸ், 'ரெடிங்'!

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷன்ல 'ரீடிங்'குக்கு டிக்கெட் கேட்டீங்கன்னா, 'ரெடிங்'னு திருத்துவாங்க. எழுதுறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு! வேக ரயிலில் அரை மணி நேரம்தான். 1976 வரைக்கும் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் தயாரான ஊர். ஆஸ்கர் வைல்டு அடைபட்டுக் கிடந்த ஜெயிலும் இங்கேதான்.

ஊர் சுற்றினது போதும். யுனிவர்சிட்டியோட வைட்நைட்ஸ் கேம்பஸுக்கு வாங்க. ஏரி, வாத்து, பெரிய பெரிய மரங்கள். கோடை லீவுல உள்ளூர் பசங்க கிளம்பினதும் வெளிநாட்டு மாணவர்கள் வந்து இறங்குவாங்க, 'ப்ரீ-செஷனல்' இங்கிலீஷ் படிக்க. ஐஇஎல்டிஎஸ் மார்க் எவ்வளவு குறையுதோ, அவ்வளவுக்கு வாரங்கள் கூடும்.

கிராமர் கிளாஸ்னு நினைச்சா ஏமாந்தீங்க. லெக்சர் ஓடும்போதே குறிப்பு எடுக்கணும். செமினார்ல 'நீ என்ன நினைக்கிறே?'னு கேட்டா வாயைத் திறக்கணும். (நம்ம கடைசி பெஞ்ச் அனுபவம் இங்கே செல்லாது!)

நிஜமான கண்டம் கட்டுரையில்தான். புத்தகத்துல இருக்கிறதை கமா விடாம எழுதினா நமக்குப் பாராட்டு கிடைக்கும். அங்கே மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், ஆண்டு எதுவும் இல்லாம எழுதினா, அதுக்குப் பேர் திருட்டு. மாஸ்டர்ஸ்ல மாட்டினா மார்க் பூஜ்யமாகலாம், முற்றிப்போனா சீட்டே போகலாம். வீட்டை அடமானம் வெச்சு அனுப்பின அப்பாகிட்ட என்னன்னு சொல்வீங்க? ப்ரீ-செஷனல்ல அதே தப்புக்கு, 'இது யாருடைய கருத்து?'னு ஓரத்துல ஒரு கேள்வி எழுதி, திரும்ப எழுதச் சொல்வாங்க.

சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போனா சத்தம் போடாம நடங்க. பெஞ்சில் உட்கார்ந்து யாராவது மறுநாள் பிரசன்டேஷனை வாத்துங்களுக்கு ஒப்பிச்சுக்கிட்டு இருக்கலாம்.