கோடையும் கொல்லையும்

மலேசியத் தமிழரிடையே ‘தோட்டம்’ என்னும் சொல் நெடுங்காலம் இரப்பர்த் தோட்டத்தையே முதலில் குறித்து வந்தது. வீட்டைச் சுற்றி வெண்டையும் கத்தரியும் வளர்ந்த சிறு நிலத்தைச் சுட்ட வேண்டுமாயின் ‘காய்கறித் தோட்டம்’ என்றோ ‘கொல்லை’ என்றோ தனியே சொல்ல வேண்டியிருந்தது. பெரிய தோட்டத்தில் பகலெல்லாம் உழைத்தவர்கள் லயத்து வீட்டின் பின்புறத்தில் தமக்கென அமைத்துக்கொண்டது இச்சிறு தோட்டம். சம்பளக் கணக்கில் இடம்பெறாத உழைப்பு அது. ஆயினும், கையில் காசு குறைந்த நாள்களில் பல குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்தது அதுவே.

மலேசியாவில் நால்வகைப் பருவங்கள் இல்லை. எனினும் வெயிலுக்கென்று சில மாதங்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழை தணிந்தபின், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தீபகற்பத்தின் வடமேற்குப் பகுதி வறண்டு கிடக்கும். தமிழ்க் கணக்கில் அவை மாசியும் பங்குனியும் ஆகும். 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. இரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் ஏறத்தாழ இம்மாதங்களிலேதான். இலையுதிர்ந்து மீண்டும் தளிர்க்கும்வரை பால் குறையும். பால் குறைந்தால் வருவாயும் குறையும். ஆகவே, கொல்லையின் துணை மிகுதியாகத் தேவைப்பட்ட அதே வேளையில்தான் கொல்லையும் நீரின்றி வாடியது. கோடைக்காலத் தோட்டவேலை அம்மக்களுக்குப் பொழுதுபோக்காக இராததன் காரணம் இதுவே.

கோடை வந்ததும் எவரும் முதலில் நினைப்பது நீர் ஊற்றுவதைத்தான். விடியுமுன்பே பெரட்டுக்குச் சென்றுவிடும் தாய் தந்தையர்க்குக் காலையில் ஓய்விராது. எனவே பல வீடுகளில் காலை நீர் முதியவர் பொறுப்பாகவும், மாலை நீர் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகளின் பொறுப்பாகவும் அமைந்தது. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் சாக்கடைக்குப் போகாமல் வாளியில் சேர்ந்தன. அவ்வாளியோடு செடியருகில் குனிந்து, தூரில் மட்டும் மெல்ல ஊற்றவேண்டும். இலைமேல் தெளித்துவிட்டுப் போவது எளிது. அதனால் மண்ணின் மேற்பரப்பு நனையுமே ஒழிய வேருக்கு நீர் எட்டாது. நாள்தோறும் சிறிதளவே நனைக்கப்படும் செடி தன் வேரை மேலாகவே படரவிடும். வெயில் ஏறும்போது முதலில் சாய்வதும் அதுவே. நன்கு ஊறும்படி ஊற்றினால் வேர் ஈரத்தைத் தேடி ஆழச் செல்லும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கும் ஓர் அறிவு வேண்டும். உச்சி வெயிலில் இலைகள் தொங்கக் கண்டதும் பதறிச் சிறுவர் வாளியைத் தூக்குவர். அனுபவம் உள்ள பாட்டி தடுத்துவிடுவாள். நண்பகலில் தலை கவிழ்ந்த பாகற்கொடி மாலையில் தானே நிமிருமாயின் அதற்குப் பெரும்பாலும் தாகமில்லை; வெப்பத்திற்கு அஞ்சி இலையைத் தாழ்த்தியிருக்கிறது, அவ்வளவே. விடியற்காலையிலும் வாடி நிற்கும் செடிதான் நீரைக் கேட்கிறது. ஐயம் இருப்பின் விரலை இரண்டு கணு அளவு மண்ணில் செலுத்திப் பார்த்தால் போதும். பொங்கிய நீரிலும் வேர் அழுகும் என்பதை அந்த விரல் நினைவூட்டும்.

நீருக்கு அடுத்த வேலை மண்ணை மூடுதல். உதிர்ந்த இலை, காய்ந்த புல், வாழைச் சருகு ஆகியவற்றைச் செடியைச் சுற்றிப் பரப்பினால் வெயில் மண்ணை நேரே தாக்காது. இதனை வேளாண் நூலார் மூடாக்கு என்பர். தண்டோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இடுவதே முறை. ஒட்டி இட்டால் தண்டு அழுகவும் கறையான் ஏறவும் கூடும். இறுகிய மேல்மண்ணைக் களைக்கொத்தியால் மெல்லக் கிளறிவிடுதலும் இத்துடன் சேர்ந்ததே. புதிதாக நட்ட நாற்றுகளுக்குத் தென்னங்கீற்றால் சில நாள் நிழல் தரவேண்டும். காய்ந்த மண்ணில் எருவை இடலாகாது. முதலில் நீர், பின்னரே எரு. கோழியெருவாயின் நன்கு மக்கியிருத்தல் வேண்டும். இல்லையேல் ஊட்டவேண்டிய எருவே வேரைச் சுட்டுவிடும்.

களை பறித்தல் சிறுவர்க்குப் பிடிக்காத வேலை. கோரையை மேலாகக் கிள்ளிவிட்டுப் பறித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவர். அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை சில நாள்களில் மீண்டும் முளைத்து, கிள்ளியவன் செய்ததை ஊரறியச் சொல்லிவிடும். காய் பறித்தலோ எல்லார்க்கும் விருப்பமான வேலை. ஆனால் அதிலும் காலம் தவறலாகாது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்காவிடில் முற்றி நாராகிவிடும். செடியும் இனிக் காய்க்க வேண்டியதில்லை என்பதுபோல் பூப்பதைக் குறைத்துவிடும். பயற்றங்காயும் அத்தகையதே. வறண்ட நாள்களில் இலையின் அடிப்புறத்தில் அசுவினியும் மாவுப்பூச்சியும் செந்நிறச் சிலந்திப்பேனும் பெருகும். இலையைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கே அவை தொடக்கத்தில் தென்படும். அந்நிலையில் வேகமாக அடிக்கும் நீரே போதும். இலை சுருண்டபின் பார்த்தால் கிளையையே வெட்ட நேரும்.

கோடை எல்லாச் செடிக்கும் பகை அன்று. முருங்கைக்கு அது நல்ல காலம். மிகுந்த ஈரத்தில் இலையாகத் தழைக்கும் முருங்கை, சற்றே வறண்ட காலத்தில் நன்கு பூக்கும். ஆகவே இரக்கப்பட்டு அதன் தூரில் வாளி வாளியாக ஊற்றுவது உதவியாகாது. கறிவேப்பிலையின் நுனியைக் கிள்ளி எடுத்தால் பக்கங்களில் தளிர்விடும். வாழையில் தாய்மரத்தோடு ஒரு கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினால் இருக்கும் ஈரம் அவ்விரண்டிற்கும் போதும். எதற்கு ஊற்றுவது, எதற்கு ஊற்றாதிருப்பது, எதைக் களைவது என்னும் தேர்வு நாள்தோறும் செய்யப்பட வேண்டியதாகும்.

திருக்குறளில் உழவு 104-ஆம் அதிகாரம். அதில் உழுதலினும் எருவிடுதலை மேலாகவும், களை நீக்கிய பின்னர் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தலை மேலாகவும் வள்ளுவர் வைத்திருக்கிறார். வகுப்பறையில் படிக்கும் மாணவனுக்கு இவ்வரிசை வியப்பைத் தரலாம். நீரின்றிப் பயிர் ஏது என்று அவன் வினவுவான். ஒரு கோடைக்காலம் முழுதும் நான்கு பாத்திகளைப் பேணியவன் அவ்வாறு வினவமாட்டான். நிறைய நீர் ஊற்றியும் பூச்சியால் இழந்த கத்தரி அவனுக்கு நினைவிருக்கும். குறைந்த நீரிலும் மூடாக்கும் நிழலும் பெற்றுப் பிழைத்த மிளகாய்ச் செடியும் நினைவிருக்கும். காத்தல் என்பது நாள்தோறும் சென்று பார்த்தலே என்பதை உரையின் துணையின்றியே அவன் உணர்ந்திருப்பான்.

1974-இல் மலேசிய அரசு பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டருகில் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்களை ஊக்கியது. லயத்துக் கொல்லைகளுக்கு அது புதிய செய்தி அன்று. ஆனால் பின்வந்த ஆண்டுகளில் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தோட்ட நிலம் மாறியது. குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. சிங்கப்பூரிலோ அடுக்குமாடி வாழ்க்கையே பெரும்பான்மையோர்க்கு இயல்பாயிற்று. கொல்லை சுருங்கிப் பூந்தொட்டி ஆயிற்று. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் நீர்ப் பங்கீடு நடைபெற்றபோதும், 2014-இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் 27 நாள் வறட்சியைக் கண்டபோதும், அரிசி களைந்த நீரைத் தொட்டிக்கு ஊற்றும் பழைய வழக்கம் பயன் தருவதாயிற்று.

தொட்டிச் செடிக்குக் கவனம் மிகுதியாகவே வேண்டும். அதன் வேருக்குத் தப்பிச் செல்ல ஆழமில்லை. நிலத்தில் ஒரு வாரம் நிற்கும் ஈரம் தொட்டியில் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். மற்றொரு கடமையும் உண்டு. தொட்டியின் அடித்தட்டிலும் மூடாத பீப்பாயிலும் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை பொரித்துக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே தட்டைக் கவிழ்ப்பதும் பீப்பாயை மூடுவதும் தோட்டவேலையின் பகுதியாகிவிட்டன. செடியைக் காக்கச் சேர்த்த நீர் அண்டை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலைத் தரலாகாது.

கோடையின் இறுதி வேலை விதையெடுத்தல். நன்கு காய்த்த செடியில் நேரிய காய் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, முற்றிய பின் விதையைப் பிரித்து, உலர்த்திச் சாம்பலோடு கலந்து வைப்பர். பசிக்கிற நாளிலும் அந்த ஒரு காயைக் குழம்பில் போடாதிருக்க மனவுறுதி வேண்டும். கொல்லைகள் அழிந்தபோது அவ்விதைகளோடு மறைந்த சொற்களும் பல. பாத்தி, தூர், சருகு, களைக்கொத்தி, மூடாக்கு என்பவை அருஞ்சொற்பொருள் பட்டியலுக்கு உரியனவாக மாறுவது தமிழாசிரியர்க்குக் கவலை தரும் செய்தியே. ஆனால் அதற்கு மருந்து அரிதன்று. பள்ளி வளாகத்தில் ஒரு முழ அகலத்தில் ஒரு பாத்தி அமைத்து, இரு மாணவர் பொறுப்பில் விட்டால் போதும். களைக்கொத்தியைக் கையில் பிடித்த பிள்ளைக்கு அச்சொல்லின் பொருளைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மாசி மாதத்தில் அவன் நாள்தோறும் அந்தப் பாத்தியைச் சென்று பார்ப்பானாயின், சொல்லும் பிழைக்கும், செடியும் பிழைக்கும்.