கடையைக் கட்டும் கடை

ஒரு கடை நன்றாக நடக்கிற வரையில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சாமான் தீர்ந்தால் போகிறோம், வாங்குகிறோம், பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டு திரும்புகிறோம். அதே கடை மூடப் போகிறது என்று ஒரு பலகை தொங்கட்டும். ஊருக்கே அதன் மேல் திடீரென்று பிரியம் பொங்கிவிடும். பத்து வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வாசலில் வந்து நிற்பார்கள். "அடடா, எவ்வளவு நல்ல கடை!" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே, கூடை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுவார்கள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், பந்தி எப்போது என்று விசாரிக்கிற கதைதான்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மலிவு என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது. 'இது எனக்கு வேண்டுமா?' என்ற கேள்வியை அது முதலில் தூங்க வைத்துவிடுகிறது. 'இன்று விட்டால் இந்த விலைக்கு இனிமேல் கிடைக்குமா?' என்ற கேள்வியை அந்த இடத்தில் உட்கார்த்தி வைக்கிறது. முதல் கேள்விக்கு வீட்டிலேயே யோசித்துப் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்குக் கடைக்கு ஓடினால்தான் பதில் கிடைக்கும்.

2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இப்படிப்பட்ட பலகை அமெரிக்கா முழுவதும் 567 கடைகளில் ஒரே சமயத்தில் தொங்கிற்று. சர்க்யூட் சிட்டி என்பது அந்தக் கடைகளின் பெயர். டெலிவிஷன், காமிரா, கம்ப்யூட்டர், பாட்டுப் பெட்டி என்று மின்சாரத்தால் பேசுகிற, பாடுகிற சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். நான் அப்போது வர்ஜீனியா மாநிலத்து ரிச்மாண்ட் நகரில் என் மகள் வீட்டில் இருந்தேன். அந்தக் கம்பெனி பிறந்ததும் அதே ஊர்தான். ஆகவே, அந்த ஊர்க்காரர்களுக்கு இது பத்திரிகைச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. தெரிந்த வீட்டில் நடக்கிற விஷயமாக இருந்தது.

அது பிறந்த கதை ரஸமானது. 1949-ஆம் வருஷம் சாமுவேல் வூர்ட்ஸல் என்பவர் விடுமுறைக்காக ரிச்மாண்டுக்கு வந்தார். முடி வெட்டிக்கொள்ளப் போனார். எந்த நாட்டிலும் முடி வெட்டுகிறவருக்கு ஊர்ச் சமாசாரம் தெரியாமல் இராது. தெற்கு மாநிலங்களிலேயே முதலாவதான டெலிவிஷன் நிலையம் தங்கள் ஊருக்குத்தான் என்று அவர் பெருமையாகச் சொன்னாராம். நாற்காலியில் கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை பிறந்தது. நிலையம் வந்தால் பெட்டி வேண்டுமே! ஒரு டயர் கடையின் முன்பக்கத்தில் டெலிவிஷன் பெட்டி விற்க ஆரம்பித்தார். கடைக்கு 'வார்ட்ஸ்' என்று பெயர். குடும்பப் பெயரின் முதல் எழுத்தோடு, ஆலன், ரூத், டேவிட், சாமுவேல் என்று வீட்டிலுள்ள நாலு பேருடைய முதல் எழுத்துக்களையும் ஆங்கிலத்தில் கோத்தால் அந்தப் பெயர் வரும். 1984-இல் அது சர்க்யூட் சிட்டி என்று பெயர் மாறியது. அபாரமாக வளர்ந்தது. 2001-இல் ஜிம் காலின்ஸ் என்ற அமெரிக்கர், நல்ல கம்பெனிகள் எப்படி மகத்தான கம்பெனிகள் ஆகின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு உதாரணமாகப் பொறுக்கி எடுத்த 11 கம்பெனிகளில் இதுவும் ஒன்று.

புத்தகம் வந்து எட்டு வருஷத்துக்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். 2008 நவம்பர் 10-ஆம் தேதி கோர்ட்டில் திவால் மனு கொடுத்தார்கள். யாராவது வாங்கிக்கொள்ள வருவார்கள் என்று இரண்டு மாதம் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. 2009 ஜனவரி 16-ஆம் தேதி, எல்லாவற்றையும் விற்று மூடுவதென்று அறிவித்தார்கள். மறுநாள் சனிக்கிழமை விற்பனை ஆரம்பமாயிற்று.

என் மாப்பிள்ளை நிதானமான மனுஷர். உடனே ஓடவில்லை. "முதல் வாரம் போகக் கூடாது, மாமா. இன்னும் இறங்கும்" என்றார். "எல்லாரும் அப்படிக் காத்திருந்தால்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் அந்தப் பொறுமை இராது" என்று சிரித்தார்.

மூடுவிழா விற்பனையின் சூட்சுமமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்களில் ஆடித் தள்ளுபடி போடுகிற முதலாளிக்கு ஆவணியிலும் கடை உண்டு. தீபாவளிக்கு நீங்கள் மறுபடி அவரிடம் வர வேண்டும். ஆகையால், எவ்வளவு சாமர்த்தியம் செய்தாலும் ஓர் எல்லையோடு நிறுத்திக்கொள்வார். சாகிற கடைக்கு அந்தக் கவலை கிடையாது. பழைய முதலாளி அங்கே இல்லவே இல்லை. கடைகளைக் கலைத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற கம்பெனிகள் அந்த நாட்டில் உண்டு. சரக்குக்கு இவ்வளவு பணம் தேறும் என்று கோர்ட்டில் பொறுப்பேற்றுக்கொண்டு அவர்கள் உள்ளே வருகிறார்கள். கடன் கொடுத்தவர்களுக்குக் கூடியவரை அதிகப் பணம் திரட்டுவதுதான் அவர்கள் வேலை. நமக்கு மலிவாகக் கொடுப்பது அந்த வேலையில் சேர்ந்ததல்ல.

அவர்கள் முதலில் செய்கிற காரியம், ஏற்கெனவே இருந்த சலுகை விலைகளை எல்லாம் நீக்கிவிட்டு, தயாரித்தவன் அச்சிட்ட முழு விலைக்குச் சரக்கைக் கொண்டுபோவது. அதற்குப் பிறகு 10 சதவிகிதம் தள்ளுபடி, 30 சதவிகிதம் வரை தள்ளுபடி என்று பலகை எழுதுவார்கள். போன மாதம் இருந்த விலையைவிட இது அதிகமாகக்கூட இருக்கலாம். பக்கத்துக் கடை விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள் என்று அப்போதே பத்திரிகைகள் எழுதத்தான் செய்தன. கையில் கூடை இருக்கும்போது பத்திரிகை யாருக்கு ஞாபகம் வருகிறது? வாரம் போகப் போகத் தள்ளுபடி ஏறும். சரக்கு இறங்கும். 30 சதவிகிதத்தில் டெலிவிஷன் இருக்கும். 50-இல் அதை மாட்டுகிற சட்டம் இருக்கும். 90-இல் எந்தச் சாதனத்துக்கும் பொருந்தாத ஒரு கம்பிச் சுருள் இருக்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. யாரிடம் கொண்டுபோய்த் திருப்புவது?

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள் மாப்பிள்ளையும் நானும் போனோம். வெளியே நல்ல குளிர். தெருமுனையில் ஓர் ஆள் மஞ்சள் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றித் தரையில் உதைத்துக்கொண்டிருந்தான். உள்ளே பாதி விளக்குத்தான். டெலிவிஷன் பெட்டிகள் வரிசையாக இருந்த சுவரில் ஆணிகளும் ஒயர்களும் மிச்சமிருந்தன. ஜனங்கள் அலமாரிகளுக்கு நடுவே, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். அலமாரிகளிலேயே விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. கல்லா மேஜை, ஏணி, குப்பைத் தொட்டி எதுவும் பாக்கி இல்லை. ஒரு பையன் காதில் மாட்டிக் கேட்கிற கருவியின் காலி அட்டைப் பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். பிறகு அதையும் கூடையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்திராது.

ஒரு மூலையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மாள் ஒருத்தி, கடைச் சிப்பந்தி ஒருவரை நிறுத்தி வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் டெலிவிஷன் ஒளிபரப்பு முழுவதையும் டிஜிட்டல் முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய பெட்டியில், வீட்டு ஆன்டெனாவை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறவர்கள், நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி வாங்கிச் சேர்க்க வேண்டும். அதற்காகச் சர்க்கார் வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் சீட்டுக் கொடுத்தது. பிப்ரவரி 17-ஆம் தேதியோடு பழைய ஒளிபரப்பு நின்றுவிடும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஜூன் 12 வரை தவணை கொடுத்தார்கள். அம்மாள் கையில் அந்தச் சீட்டு இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

சிப்பந்திக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் தள்ளுபடி அட்டை ஒன்றைக் கிழித்து எடுத்துத் திருப்பினார். அதன் பின்புறத்தில் ஆன்டெனா வரைந்தார். அதிலிருந்து ஒரு கோடு. கோட்டின் முடிவில் சிறிய பெட்டி. அங்கிருந்து இன்னொரு கோடு. பிறகு பெரிய பெட்டி. மூன்றாவது சானலுக்குத் திருப்பி வைக்க வேண்டும் என்று எழுதினார். அந்த அம்மாள் மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். அவரும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவசரப்பட வேண்டாம், ஜூன் வரை நாள் இருக்கிறது, ஆனால் சீட்டுக்குத்தான் கெடு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கடைசியில், மாற்றுப் பெட்டி இங்கே தீர்ந்துவிட்டதென்று சொல்லி, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் அட்டையின் அடியில் எழுதிக் கொடுத்தார். அது போட்டிக் கடை.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு காசு வியாபாரம் இல்லை. கடைக்கோ இன்னும் இரண்டு வார ஆயுசு கூட இல்லை. அந்த அம்மாள் அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போன பிறகு, நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்டேன். "கேட்டார்கள். எனக்குத் தெரியும். சொன்னேன்" என்றார். என் கேள்விதான் அவருக்கு விளங்கவில்லை என்று தோன்றிற்று.

மாப்பிள்ளை ஓர் ஏணியோடு வந்து சேர்ந்தார். பத்து டாலர்தானாம். டெலிவிஷன் வாங்கப் போனவர் ஏணி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். "ஏன் அப்பா, எட்டாத உயரத்தில் நம் வீட்டில் என்ன இருக்கிறது?" என்று என் மகள் என்னைக் கேட்டாள். மாப்பிள்ளையை நேரில் கேட்காமல் என்னைக் கேட்டது அவளுடைய மரியாதை.

நான் அந்தச் சிப்பந்தியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி விழுந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 2000-ஆம் ஆண்டில் குளிர்ப் பெட்டி, சலவை இயந்திரம் போன்ற பெரிய சாமான்களை விற்பதை அது விட்டுவிட்டது. அந்த வியாபாரம் பிறத்தியாருக்குப் போயிற்று. இன்டர்நெட்டில் விற்கிறவர்கள் வந்தார்கள். 2008-இன் பணமுடையில், சரக்கு கொடுக்கிறவர்கள் கடன் தரத் தயங்கினார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் என் மனத்தில் பதிந்தது வேறொரு விஷயம். 2007-ஆம் வருஷம் மார்ச் மாதம் அந்தக் கம்பெனி சுமார் 3,400 விற்பனைச் சிப்பந்திகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிற்று. அவர்கள் வேலை தெரியாதவர்கள் என்பதற்காக அல்ல. மார்க்கெட் நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதற்காக. அந்த இடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் வேறு ஆட்களைப் போட்டார்கள். போனவர்களும் பத்து வாரம் கழித்து, அந்தக் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதமானால், மறுபடி மனுப் போடலாம் என்று சொன்னார்கள்.

இதைப் படித்ததும், அந்தக் கம்பெனியின் மூடுவிழா 2009-இல் ஆரம்பிக்கவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. முதலில் மலிவு தேடிக் கிளம்பியது நாம் அல்ல. கம்பெனிதான் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது. 'இதே வேலைக்கு இதைவிட மலிவாக ஆள் கிடைக்குமா?' என்று கேட்டது. கிடைத்தது. மலிவாகக் கிடைத்த ஆள் மோசமானவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவனும் பிழைக்க வந்தவன். ஆனால் ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்குக் கோடு இழுத்துக் காட்டத் தெரிந்துகொள்வதற்கு வருஷங்கள் ஆகும். அந்த வருஷங்களுக்குத்தான் அதிகச் சம்பளம் என்று பெயர் வைத்தார்கள். வெறும் பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், கடை என்று ஒன்றைத் தேடி ஒருவர் ஏன் வர வேண்டும்? தெரிந்தவர் ஒருவர் அங்கே இருப்பார் என்பதற்காகத்தானே? அந்தத் தெரிந்தவர்களையே செலவுக் கணக்கில் எழுதித் தள்ளிவிட்டால், மிச்சம் இருப்பது கூரையும் அலமாரியும்தான்.

2009 மார்ச் 8-ஆம் தேதி கடைசிக் கடையும் மூடிற்று. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. ரிச்மாண்டில் டெலிவிஷன் வந்த சமயத்தில் பிறந்த கம்பெனி, அந்தப் பழைய ஒளிபரப்பு ஜூன் 12-இல் நிற்பதற்கு மூன்று மாதம் முன்பே போய்விட்டது. அந்த வருஷம் மே மாதத்தில் பெயரையும் ஏலத்தில் விற்றார்கள். ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு அது போயிற்று. வாங்கினவர்கள் அந்தப் பெயரில் இன்டர்நெட்டில் கொஞ்ச காலம் வியாபாரம் செய்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார்கள். நிறுவனரின் மகன் ஆலன் வூர்ட்ஸல், தானும் ஒரு காலத்தில் அதை நடத்தியவர், அந்தக் கம்பெனியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் 2012-இல் புத்தகமாக எழுதினார்.

அலமாரி விலை போயிற்று. ஏணி விலை போயிற்று. பெயர்கூட விலை போயிற்று. ஊரில் பேர் தெரியாத ஒருவர், முடி வெட்டிக்கொண்டே தமக்குத் தெரிந்ததைச் சும்மா சொன்னார். அதிலிருந்து அறுபது வருஷ வியாபாரம் ஒன்று முளைத்தது. தெரிந்ததைச் சொல்கிற அந்த மனிதர்களுக்கு மாத்திரம் கடைசி வரையில் அங்கே யாருக்கும் விலை போடத் தெரியவில்லை. ஒரு காலத்தில் அதிகம் என்றார்கள். பிறகு, எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை.